குதிரையில் பாடி வந்த வாள்வீரன்: நடிகர் ரஞ்சனின் கதை

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மட்டக்களப்பார் யாரிடமாவது பழைய படங்களைப் பற்றிக் கதை கொடுத்துப் பாருங்கள். முதலில் எம்.ஜி.ஆர் வருவார், அடுத்துச் சிவாஜி வருவார். கதை சூடு பிடித்தபின் ஒரு குதிரை வரும். அதன் மேல் ஒருவன் வாய் நிறையப் பாடிக்கொண்டு மலைப்பாதையில் போவான். சத்தியத்தைக் குறிக்கோளாகக் கொண்டு தலை நிமிர்ந்து நட என்று புத்தி சொல்லும் அந்தப் பாட்டை ரி.எம். சௌந்தரராஜனின் குரலில் கேட்காத தமிழ் வீடு அன்று குறைவு. அது எம்.ஜி.ஆர் பாட்டு என்றே இன்றுவரை எண்ணிக்கொண்டிருப்போரும் இருக்கின்றனர்.

அந்தக் குதிரையில் போனவர் எம்.ஜி.ஆர் அல்லர். அவர் பெயர் ரஞ்சன். படம் 1957இல் வெளிவந்த நீலமலைத் திருடன். தமிழ்த் திரையின் முதல் வரிசை நாயகர்களில் ஒருவராக இருந்து, இந்தி பேசும் வடநாடு வரை பெயர் எடுத்து, கடைசியில் அமெரிக்காவில் கண்மூடியவர் அவர். அவர் இறந்தது 1983 செப்டெம்பரில். அந்த ஆண்டின் யூலைக்குப் பிறகு, ஒரு பழைய நடிகரின் மரணத்தைப் பற்றி எண்ணும் நிலையில் எங்கள் சனங்கள் இருக்கவில்லை. பிந்தியாவது அவருடைய கதையைச் சொல்லி வைப்பது நல்லது.

லால்குடியில் இருந்து சென்னைக்கு

ரஞ்சனின் இயற்பெயர் ராமநாராயண வெங்கடரமண சர்மா. 1918 மார்ச் 2ஆம் திகதி திருச்சி மாவட்டத்து லால்குடியில் பிராமணக் குடும்பமொன்றில் பிறந்தார். பௌதிகவியலில் பட்டம் பெற்றார். அக்காலத்தில் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்தவர்களில் பெரும்பாலானோர் வறுமை காரணமாகச் சிறு வயதிலேயே பாய்ஸ் கம்பனிகளில் சேர்க்கப்பட்டவர்கள். எம்.ஜி.ஆர், சிவாஜி, பி.யு. சின்னப்பா எல்லோரும் அந்த வழியில் வந்தவர்களே. ரஞ்சன் வந்த வழி வேறு. பல்கலைக்கழகப் படிப்பு முடித்து, விரும்பியிருந்தால் அரச உத்தியோகத்துக்குப் போகக்கூடிய நிலையில் இருந்து சினிமாவைத் தேர்ந்தவர் அவர்.

படிப்போடு அவர் நின்றுவிடவில்லை. நடனம் கற்றார், நடனத்தைப் பற்றி நாட்டியம் என்ற பெயரில் சஞ்சிகையும் நடத்தினார். ஆண்பிள்ளை மேடையில் ஆடுவதையும் அதைப் பற்றி எழுதுவதையும் குடும்பங்கள் ஐயத்தோடு பார்த்த காலம் அது. வாள்வீச்சு கற்றார், குதிரையேற்றம் கற்றார், விமானம் ஓட்டவும் பழகினார். பிற்காலத்தில் திரையில் அவர் செய்து காட்டியவற்றில் பல, அவர் உண்மையிலேயே கற்று வைத்திருந்தவை. சண்டைக் காட்சிக்கு வேறோர் ஆளை நிறுத்தி முகத்தை மறைத்துப் படம்பிடிக்க வேண்டிய தேவை அவரிடம் இருக்கவில்லை.

புத்தராக வந்தவர் வில்லனானார்

1941இல் வந்த அசோக்குமார் படத்தில் ரஞ்சன் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமானார். ராஜா சந்திரசேகர் இயக்கிய அந்தப் படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் நாயகன், கண்ணாம்பாவும் நடித்தார். ரஞ்சன் ஏற்றது கௌதம புத்தர் வேடம். அதே படத்தில் சிறு வேடமொன்றில் இன்னோர் இளைஞரும் நடித்தார். கண்டிச் சீமையில் பிறந்து, தகப்பன் இறந்த பின் தாயோடு கடல் கடந்து போன எம்.ஜி. ராமச்சந்திரன்தான் அவர். ரஞ்சனுக்குப் பெயர் சொல்லும் வேடம், எம்.ஜி.ஆருக்கோ ஓரமாக நிற்கும் வேடம். பின்னாளில் இந்தக் கணக்கு எப்படித் தலைகீழாகப் போகும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

அடுத்து நாரதராக நடித்தார். 1943இல் ஜெமினியின் மங்கம்மா சபதம் வந்தது. கர்வம் கொண்ட இளவரசன் ஒருவன், தன்னை மதிக்காத மங்கம்மாவை மணம் முடித்து ஆயுள் முழுவதும் தனிமையில் அடைத்து வைப்பேன் என்று வஞ்சினம் கூறுகிறான். அவளோ, உனக்கே பிள்ளை பெற்று அந்தப் பிள்ளையின் கையாலேயே உனக்குச் சவுக்கடி வாங்கித் தருவேன் என்று சபதம் எடுக்கிறாள். தகப்பன், மகன் என்ற இரண்டு வேடங்களிலும் ரஞ்சன் நடித்தார். மங்கம்மாவாக வந்தவர் வசுந்தராதேவி, பின்னாளில் புகழ்பெற்ற வைஜயந்திமாலாவின் தாயார். படம் பெரும் வசூலைக் கொடுத்தது. 1945இல் சாலிவாகனன் வந்தபோதும் தலைப்பு வேடம் ரஞ்சனுக்கே. அதிலும் எம்.ஜி.ஆர் உடன் நடித்தார்.

1948 ஏப்ரலில் சந்திரலேகா வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் பல ஆண்டுகள் பாடுபட்டு, ஏறத்தாழ 30 இலட்சம் ரூபா செலவில் எடுத்த படம் அது. அந்நாளில் ஒரு படத்துக்கு அவ்வளவு பணம் கொட்டுவதைக் கேள்விப்பட்டவர் இல்லை. அதில் நாயகன் எம்.கே. ராதா, நாயகி ரி.ஆர். ராஜகுமாரி. ரஞ்சனுக்கு வில்லன் வேடம். அரசுரிமை அண்ணனுக்குப் போய்விட்டதே என்று பொருமிக் கொள்ளைக் கூட்டம் சேர்க்கும் தம்பி சசாங்கன் அவர். படத்தின் முடிவில், பிரமாண்டமான முரசுகளின் மேல் பெண்கள் ஆடி முடித்ததும் அந்த முரசுகளுக்குள்ளிருந்து போர்வீரர்கள் வெளியே பாய்வார்கள். அதைத் தொடர்ந்து அண்ணனும் தம்பியும் வாளெடுத்து நெடுநேரம் பொருதுவார்கள். நாயகனை விட வில்லனின் வாளையே கண்கள் தொடர்ந்தன என்று சொன்னால் அது மிகையாகாது. ஆடற்பயிற்சி பெற்ற கால்கள் எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தன. வாள் எங்கே போகிறது என்பது அவருடைய கண்ணிலேயே தெரிந்தது.

பம்பாய்க்குப் போன வாள்

சந்திரலேகாவை வாசன் அதே ஆண்டில் இந்தியிலும் வெளியிட்டார். அதுவரை சென்னைப் படங்களை ஒரு பொருட்டாகக் கொள்ளாத வடநாடு திரும்பிப் பார்த்தது. அத்தோடு ரஞ்சனுக்கும் அங்கே வாசல் திறந்தது. 1949இல் ஜெமினியின் அபூர்வ சகோதரர்கள் இந்தியில் நிஷான் என்ற பெயரில் வந்தபோது, தமிழில் எம்.கே. ராதா செய்த இரட்டை வேடத்தை இந்தியில் ரஞ்சன் செய்தார். ஒட்டிப் பிறந்து பிரிக்கப்பட்ட இரட்டையர், ஒருவனுக்கு அடி விழுந்தால் மற்றவனுக்கு நோகும் என்ற கதை. மங்கம்மா சபதமும் மங்களா என்ற பெயரில் இந்திக்குப் போனது. பானுமதியோடு அதிலும் அவரே நடித்தார்.

இதன்பின் அவருடைய தொழில் பெரும்பாலும் பம்பாயிலேயே நடந்தது. அங்கே அவருக்குக் கிடைத்தவை சிந்துபாத் கதைகள், பாக்தாத் கதைகள், முகமூடிக் கொள்ளைக்காரர் கதைகள். இவற்றை அங்கே ஸ்டண்ட் படங்கள் என்பார்கள். 1935இல் வாடியா சகோதரர்கள் நாடியா என்ற வெள்ளைக்காரப் பெண்ணின் கையில் சவுக்கைக் கொடுத்து ஹண்டர்வாலி எடுத்த நாளில் இருந்து பம்பாயில் இந்த வகைப் படங்களுக்குத் தனிச் சந்தை இருந்தது. குறைந்த செலவில், குறைந்த நாட்களில், இருக்கிற அரங்கையும் உடுப்பையும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி எடுத்து முடிப்பார்கள். பத்திரிகை விமர்சகர்கள் இவற்றை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கலரி வகுப்பில் இருந்து பார்க்கும் தொழிலாளிகளும் சிறுவர்களும்தான் இவற்றை வாழவைத்தார்கள். பட்டதாரியும் நடன ஆய்வாளருமான ஒருவர் இந்தப் படங்களில் ஆண்டுக்கணக்காக வாள் வீசினார். அவருடைய திறமைக்கு அது சிறிய களம் என்று சிலர் வருந்தினார்கள். கலரியில் இருந்த சிறுவனுக்கு அந்தக் கவலை இல்லை. அவனுக்கு வாள் உண்மையாகச் சுழன்றால் போதும்.

அமெரிக்காவில் பாடிய மாட்டுக்காரர்கள்

ரஞ்சனின் தமிழ்ப் புகழை விளங்கிக்கொள்ள, கடலுக்கு அப்பால் இருந்த அவருடைய சகோதரர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஹண்டர்வாலி வந்த அதே 1935இல் அமெரிக்காவில் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்ற கம்பனி தொடங்கியது. அந்த ஆண்டிலேயே ஜீன் ஓட்ரி என்ற பாடகரைக் குதிரையில் ஏற்றி நாயகனாக்கியது. சில ஆண்டுகளில் ரோய் ரொஜர்ஸ் வந்தார். கௌபோய் என்று எங்கள் ஆட்களும் சொல்லிப் பழகிய மாட்டுக்காரனுக்குக் கையில் கிற்றார் கொடுத்துப் பாடவிட்ட படங்கள் அவை. ஓட்ரியின் குதிரை சாம்பியன், ரொஜர்ஸின் குதிரை ட்ரிகர். இரண்டும் நாயகனுக்கு நிகராகப் பெயர் பெற்றவை.

இந்தப் படங்களும் செலவு குறைந்தவையே. ஒரு மணித்தியாலம் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக ஓடும், சில கிழமைகளுக்குள் எடுத்து முடித்துவிடுவார்கள், பெரிய படத்தோடு இணைத்துக் காட்டுவார்கள். பொருளாதார மந்தத்தில் நொந்து போயிருந்த சிறு பட்டினத்து மக்களும் கமக்காரர்களும் அவற்றைத் தேடிப் போனார்கள். கதை எப்போதும் ஒன்றுதான். காணியைப் பறிக்க வரும் பணக்காரன், அவனுக்குக் கையாளான அதிகாரி, தனியே குதிரையில் வரும் நல்லவன். அந்த நல்லவன் குடிக்க மாட்டான், பொய் சொல்ல மாட்டான், முதலில் கைநீட்ட மாட்டான். சுடுவதற்கு முன்னரும் பாடுவான், சுட்ட பின்னரும் பாடுவான்.

இந்த வாய்பாட்டை வாசித்தவுடன் எங்களுக்கு வேறொரு முகம் நினைவுக்கு வருகிறது. சிகரட் தொடாத, மது தொடாத, தாயைத் தெய்வமென்று போற்றும், ஏழைக்காக அடிபடும், பாட்டால் புத்தி சொல்லும் நாயகனைத் தமிழ்த் திரை எம்.ஜி.ஆராக அறிந்தது. ஆனால் அந்த நாயகனைக் குதிரையில் ஏற்றி, மலைப்பாதையில் விட்டு, தத்துவப் பாட்டைப் பாடவிட்ட நீலமலைத் திருடன் ரஞ்சனுக்கே கிடைத்தது. அது கிடைத்த விதமும் எம்.ஜி.ஆரோடு தொடர்புடையதுதான்.

சின்னப்பாத் தேவரின் கணக்கு

சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பாத் தேவர் கோயம்புத்தூர்க்காரர். உடற்பயிற்சி, மல்யுத்தம் என்று தொடங்கி, சினிமாவில் சிறு சண்டை வேடங்கள் செய்து, தயாரிப்பாளர் ஆனவர். தேவர் பிலிம்ஸ் 1956இல் எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்துத் தாய்க்குப்பின் தாரம் எடுத்தது. படம் வெற்றி. ஆனால் தேவருக்கும் எம்.ஜி.ஆருக்கும் இடையில் மனஸ்தாபம் வந்தது. அடுத்த படத்துக்குத் தேவர் வேறு நாயகனைத் தேடினார். குதிரை ஓட, வாள் வீச, மக்களுக்கு முகம் தெரிந்த ஒருவர் வேண்டும். பம்பாயில் இருந்த ரஞ்சன் அழைக்கப்பட்டார்.

தேவரின் தம்பி எம்.ஏ. திருமுகம் இயக்க, ரஞ்சனுக்கு இணையாக அஞ்சலிதேவி நடிக்க, நீலமலைத் திருடன் உருவானது. இசை கே.வி. மகாதேவன். குதிரைப் பாட்டுக்குச் சொல் தந்தவர் கவிஞர் அ. மருதகாசி. தேவர் கணக்காகப் படம் எடுப்பவர். சொன்ன நாளில் தொடங்கிச் சொன்ன நாளில் முடிப்பார். நட்சத்திரத்தின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மிருகங்களை நடிக்க வைப்பார். மாடு, குதிரை, நாய், யானை எல்லாம் அவருடைய படங்களில் நாயகனுக்குத் துணை. ஹொலிவூட்டில் ரிபப்ளிக் கம்பனி செய்ததைக் கோடம்பாக்கத்தில் தன் பாணியில் செய்தவர் தேவர் எனலாம்.

திருடன் என்று பெயர், செய்வதெல்லாம் நல்லது. வாளும் குதிரையும் உண்மை, பாட்டின் குரல் மட்டும் இன்னொருவருடையது. ஓட்ரியும் ரொஜர்ஸும் தாங்களே பாடினார்கள். தமிழில் பாடி நடித்த பாகவதர், சின்னப்பா காலம் அதற்குள் முடிந்து, பின்னணிக் குரல் காலம் வந்துவிட்டது. ரி.எம்.எஸ் பாடினார், ரஞ்சன் வாயசைத்தார். குளம்படியின் தாளத்துக்கு மெட்டு அமைந்தது. அந்தப் படத்தின் கதை பலருக்கு மறந்துவிட்டது. பாட்டு மறக்கவில்லை.

படம் ஓடியது. 1959இல் ராஜா மலையசிம்மன், மின்னல் வீரன் என்று தொடர்ந்து இதே வகைப் படங்கள் வந்தன. ஆனால் அதற்குள் களம் மாறிவிட்டது. 1958இல் நாடோடி மன்னனைத் தானே தயாரித்து, இயக்கி, நடித்து எம்.ஜி.ஆர் எங்கேயோ போய்விட்டார். அவருக்குப் பின்னால் ஒரு கட்சி இருந்தது, ஊருக்கு ஊர் மன்றங்கள் இருந்தன. ரஞ்சனிடம் இருந்தது வாள் மட்டுமே. தேவரும் எம்.ஜி.ஆரோடு சமாதானமாகி 1961இல் தாய் சொல்லைத் தட்டாதே எடுத்தார். 1964இல் அதே தேவர் பிலிம்ஸ் வேட்டைக்காரன் எடுத்தபோது கௌபோய் உடுப்பும் தொப்பியும் அணிந்து வந்தவர் எம்.ஜி.ஆர். இரண்டு படத்தில் ஓரமாக நின்ற இளைஞர் இப்போது குதிரைக்குச் சொந்தக்காரர். எழுபதுகளில் இயக்குநர் கர்ணன் ஜெய்சங்கரை வைத்துக் காலம் வெல்லும், கங்கா, ஜக்கம்மா என்று துப்பாக்கியும் தொப்பியுமாகத் தமிழ்க் கௌபோய்ப் படங்களை எடுத்தபோது, அந்தப் பாதையில் முன்னே போனவரின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. ரஞ்சன் இந்தியில் சிறு படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். தமிழில் 1969இல் கப்டன் ரஞ்சன் என்று அவருடைய பெயரிலேயே ஒரு படம் வந்தது. அது அவரைத் திருப்பி நிறுத்தவில்லை.

வாவிக் கரையில் அவரை ஏன் பிடித்தது

நீலமலைத் திருடன் வந்த காலம் எங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்பதையும் நினைக்க வேண்டும். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. அதே மாதத்தில் கல்லோயாவில் தமிழர் இரத்தம் சிந்தியது. 1958 மே மாதத்தில் நாடு முழுவதும் கலவரம். இந்த இரண்டுக்கும் நடுவே, 1957இல், நியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரையில் வரும் ஒருவனின் கதை வந்தது. இந்தியப் படம் என்றாலும், பார்த்தவர்களின் மனத்தில் அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மட்டக்களப்பாருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பாடிக்கொண்டு வரும் வீரன் எங்களுக்குப் புதியவன் அல்லன். வடமோடிக் கூத்தில் அவன் எத்தனையோ தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறான். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் கூடியிருக்க, மத்தளம் முழங்க, சல்லாரி ஒலிக்க, அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்ல, கரப்புடுப்பும் கிரீடமும் அணிந்து வாளோடோ வில்லோடோ வரும் அரசன் தன் வரவைத் தானே பாடுவான், தானே ஆடுவான். போருக்குப் போகும்போதும் பாட்டு, எதிரியை மறிக்கும்போதும் பாட்டு. வாள்வீச்சுக்கும் தாளம் உண்டு, காலடிக்கும் தாளம் உண்டு. விடியும்வரை அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நடனம் கற்று வாள் எடுத்த ரஞ்சனின் அசைவு அந்நியமாகத் தெரிந்திருக்காது. பத்திரிகைக்காரர் எள்ளி நகையாடிய ஸ்டண்ட் படத்தில் ஒரு கூத்தாடியை அடையாளம் காணக்கூடிய ரசிகர்கள் இங்கே இருந்தார்கள். அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கூத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தபோது படித்தவர்கள் கூத்தின் அருமையைக் கண்டார்கள். அதற்கு முன்னரே கலரியில் இருந்தவனுக்கு அது தெரியும்.

படுவான்கரையில் இருந்து நகரத்துக்குப் படம் பார்க்கப் போவது அந்நாளில் சிறிய காரியம் அல்ல. மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014இல்தான். அதுவரை பாதையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும். தோணியில் கடந்தவர்களும் உண்டு. வேளாண்மை வெட்டி முடிந்து கையில் காசு புரளும் காலத்தில்தான் அது வாய்க்கும். படத்துக்குப் போக முடியாதவர்களுக்கு இலங்கை வானொலி இருந்தது. படத்தைக் காணாமலே பாட்டைப் பாடமாக்கியவர்கள் ஆயிரம். வயலில் வேலை செய்யும்போதும் வாவியில் வலை வீசும்போதும் அந்தக் குதிரைப் பாட்டு ஒலித்ததென்றால் அதற்கு வானொலியே காரணம்.

எழுபதுகளில் படங்களின் வரவு சுருங்கத் தொடங்கியது. 1972இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இருந்து வரும் படங்கள் எண்ணிக்கையில் குறைந்தன, வருவதும் ஆண்டுகள் பிந்தி வந்தன. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பில் வீடு, தென்னை, கட்டடம் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அதன் பின் வந்தது போர். ஊரடங்குச் சட்டத்தில் இரவுக் காட்சி ஏது? வட்டக்களரியில் விடியவிடியக் கூத்து ஏது? சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட நாட்களும் வந்தன. இடம்பெயர்ந்தவர்கள் பாயையும் பானையையும் தூக்கினார்கள். இசைத்தட்டையும் பாட்டுப் புத்தகத்தையும் தூக்கியவர்கள் குறைவு.

1983

வாழ்வின் கடைசிக் காலத்தை ரஞ்சன் அமெரிக்காவில் கழித்தார். 1983 செப்டெம்பர் 12ஆம் திகதி நியூ ஜேர்ஸியில் காலமானார். வயது 65. நாற்பதாண்டுக்கு முன் புத்தராக நடித்து அறிமுகமானவர், பாடும் கௌபோய்கள் பிறந்த நாட்டில் போய் முடிந்தார். ஓட்ரியும் ரொஜர்ஸும் அப்போது உயிரோடு இருந்தார்கள். இருவரும் 1998இலேயே இறந்தனர். அவர்களுடைய படங்கள் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன, அவர்களுக்கென்று அருங்காட்சியகங்கள் எழுந்தன, ரொஜர்ஸின் குதிரையின் தோலைக்கூடப் பாடம் செய்து வைத்தார்கள். எங்கள் குதிரைவீரனுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

அவர் இறப்பதற்கு ஏழு கிழமைகளுக்கு முன் கொழும்பு எரிந்தது. கடைகளும் வீடுகளும் மட்டும் எரியவில்லை. தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹேந்தளை விஜயா ஸ்டூடியோவும் எரிந்தது. அங்கே இருந்த படச்சுருள்கள் பல சாம்பலாகின. அவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள் என்பதுதான் கொடுமை. தமிழனின் சொத்து என்று தீ வைத்தவர்கள் தங்கள் சினிமாவின் நினைவையும் சேர்த்தே கொளுத்தினார்கள். நினைவு எரிவதில் இனபேதம் கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் பழைய படங்களைப் பாதுகாத்தது குறைவு. நாற்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் பல, தீ வைக்க ஆள் இல்லாமலே பெட்டிக்குள் உருகிப் போயின. கவனிப்பார் இல்லாமல் அழிவதும் அழிவுதான்.

வாள் பற்றி ஒரு சொல்

ரஞ்சனின் கதையை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தப் படங்களில் வாள் விளையாட்டாக இருந்தது. எவ்வளவு நேரம் சண்டை நடந்தாலும் நாயகனின் சட்டையில் கறை படாது. கெட்டவன் விழுவான், நாடு நலமடையும், குதிரை பாட்டோடு திரும்பிப் போகும். விழுந்தவனுக்குத் தாய் இருக்கிறாளா, அவனுடைய பிள்ளைகள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்று படம் கேட்காது. 1957இல் அதைப் பார்த்துக் கைதட்டிய சிறுவர்கள் பிற்காலத்தில் தகப்பன்மாராகித் தங்கள் பிள்ளைகளைத் தேடி முகாம் முகாமாக அலைந்தார்கள். கத்தியும் துப்பாக்கியும் உண்மையில் என்ன செய்யும் என்பதை வாவியின் இரண்டு கரைகளும் அறிந்துவிட்டன. தனி ஒருவன் வந்து நியாயத்தை நிலைநாட்டிவிட்டுப் போவான் என்ற கதையை இன்று அதே மனத்தோடு பார்க்க எங்களால் இயலாது.

ஆனாலும் அந்தக் குதிரைப் பாட்டை இன்னும் கேட்கிறோம். ஏன் என்று யோசித்தால் ஒன்று புலப்படுகிறது. பாட்டில் வாள் இல்லை. வஞ்சினம் இல்லை. பொய்க்குத் தலை வணங்காதே, நேராக நட என்ற புத்திமதி மட்டுமே இருக்கிறது. போர் ஓய்ந்த பின் காணாமற்போன தன் பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் அமர்ந்திருக்கும் தாய்க்கும் அந்தப் புத்திமதி பொருந்தும். அவளிடம் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. உண்மையைச் சொல் என்று கேட்பதை மட்டும் அவள் விடவில்லை. நீலமலைத் திருடனில் மிஞ்சிய சாரம் அதுதான் என்றால், சிறு செலவில் எடுத்த ஒரு படத்துக்கு அது குறைந்த பேறு அல்ல.

ரஞ்சனுக்குக் கிடைக்க வேண்டியதும் அதிகமில்லை. அந்தப் பாட்டு அடுத்தமுறை கோயில் திருவிழா ஒலிபெருக்கியிலோ முச்சக்கரவண்டியிலோ கேட்கும்போது, பக்கத்தில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு மூன்று பெயரைச் சொல்லலாம். எழுதியவர் மருதகாசி, பாடியவர் ரி.எம்.எஸ், குதிரையில் போனவர் லால்குடியில் பிறந்த ரஞ்சன். வீட்டில் இருக்கும் முதியவர்களிடம் அவர்கள் எந்தத் தியேட்டரில், எந்த வயதில், யாரோடு போய் அந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதி வைக்கலாம். எரிந்தவையும் இடம்பெயர்ந்தபோது விட்டு வந்தவையும் போக எங்களிடம் மீந்திருப்பது அவர்களுடைய ஞாபகம்தான். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.